பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மூளை என்ன செய்யும்?

தேர்வு நெருங்கும் மாதங்களில் பல வீடுகளில் ஒரே வழக்குதான். பிள்ளை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். "பாட்டக் கேட்டுக்கிட்டே படிச்சா மண்டையில என்னடா ஏறும்?" என்பார் அம்மா. "பாட்டு ஓடுனாத்தாம்மா எனக்கு மனசு நிக்குது" என்று பதில் வரும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் உணர்வதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கவனம் நின்றதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அந்த உணர்வு போதாது. இசை ஓடினால் மனசுக்கு இதமாக இருக்கிறது. இதமாக இருப்பதையே கவனமாக இருப்பதாக எடுத்துக்கொள்வது யாருக்கும் நடக்கும். அப்படியானால் மூளையிடமே நேராகக் கேட்டுப் பார்க்க முடியாதா? ஓரளவு முடியும். அந்த ஓரளவு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அடியிலிருந்தே வருவோம்.

முதலில், மூளையிலிருந்து வரும் சமிக்ஞை என்றால் என்ன? மூளையின் நரம்புச் செல்கள் வேதிப்பொருளாலும் மின்சாரத்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒற்றைச் செல்லின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே எட்டாது. மூளையின் மேற்பரப்பில் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கும் செல்கள் ஏராளமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால்தான் தலைத்தோலில் ஏதோ தெரியும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பவருக்கு, உள்ளே யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழாது. கெட்டிமேளம் கொட்டினால் மட்டும் கேட்கும். தலைக்கு வெளியே நாம் பிடிப்பது அந்தக் கெட்டிமேளத்தைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தீரும். யார் என்ன நினைக்கிறார் என்பது இதில் வராது.

அளவும் மிகச் சிறியது. பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் 15 லட்சம் மைக்ரோவோல்ட் இருக்கிறது என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிறு ஏற்ற இறக்கத்தைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே வாங்கி, பெருக்கி, கோடாக வரைவதுதான் இ.இ.ஜி. வலிப்பு வந்தவர்களுக்கு எடுக்கும் அதே பரிசோதனைதான். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்களே, அது இதற்காகத்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே தொடர்பு சரியாகக் கிடைக்காது.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே அறிவித்திருந்தார். மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவரை இந்தத் தேடலில் இறக்கியது ஒரு விபத்து. 1890-களில், ராணுவப் பயிற்சியில் இருந்த இளம் பெர்கர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி வந்தது: அவருக்கு ஏதோ ஆபத்து என்று சகோதரிக்குப் பட்டதாம், நலமா என்று அப்பா கேட்டிருந்தார். எண்ணம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகுமா என்ற கேள்வி பெர்கரை விடவில்லை. மனத்தின் ஆற்றலை அளக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1924-ல் முதல் பதிவு கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் தன்னைத்தானே சந்தேகித்துச் சரிபார்த்துவிட்டு 1929-ல்தான் வெளியிட்டார். எண்ணம் பறப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நவீன நரம்பியல் மருத்துவத்தின் முக்கியமான கருவி ஒன்று கிடைத்தது. பலர் நம்ப மறுத்தார்கள். 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் தாங்களே செய்து பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் உலகம் ஏற்றது.

பெர்கர் கண்டதில் நம் பேச்சுக்குத் தேவையானது ஒன்று. கண்ணை மூடி ஓய்வாக இருப்பவரின் பின்தலையில் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை எழுந்து விழும் ஓர் அலை தெளிவாகத் தெரிகிறது. கண்ணைத் திறந்தால் அது அடங்குகிறது. கண் மூடியிருக்கும்போதே மனக்கணக்குப் போடச் சொன்னாலும் குறைகிறது. இதற்கு அவர் ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். மனம் ஒரு வேலையில் இறங்கும்போது தலைக்கு வெளியே ஒரு கோடு மாறுகிறது! கவனத்தை அளக்கலாம் என்ற ஆசை பிறந்த இடம் இதுதான்.

இன்று நொடிக்கு எத்தனை அலை என்பதை வைத்து இந்தக் கோட்டைப் பிரித்துப் பெயர் சொல்கிறார்கள். 4-க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் 30 வரை பீட்டா, அதையும் தாண்டினால் காமா. இவை தனித்தனிக் குழாயில் வரும் தண்ணீர் அல்ல. எல்லாம் கலந்தே வருகின்றன, கணக்குப் போட்டுப் பிரிக்கிறோம். கவனம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் இன்னொன்று, நெற்றிக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் தெரியும் தீட்டா. மனக்கணக்கு போன்ற வேலையில் ஆழ்ந்திருக்கும்போது அது எழுவதை 1970-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நினைவில் பிடித்துவைக்க வேண்டியது கூடக் கூட இந்த அலை வலுப்பதைப் பின்னால் வந்தவர்களும் கண்டார்கள்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். "ஆல்ஃபா கூடினால் அமைதி, அமைதி என்றால் கவனம், ஆல்ஃபாவைக் கூட்டும் இசை கவனத்தைக் கூட்டும் இசை" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இது தவறு. ஆல்ஃபா கண்ணை மூடினாலே கூடும். அலுப்பிலும் கூடலாம். அதே நேரத்தில், கவனமான வேலையிலும் கூடலாம். இடப்பக்கம் வரப்போகும் ஒன்றையே பார்க்கவேண்டும் என்று ஒருவரைத் தயார்ப்படுத்தினால், அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் வலது பின்மூளையில் ஆல்ஃபா குறைகிறது. தேவையில்லாத பக்கத்தைப் பார்க்கும் இடது பின்மூளையில் கூடுகிறது. மூளை ஒரு பகுதியை ஓய்வில் வைக்கும்போதும் சரி, குறுக்கே வராதே என்று ஒரு பகுதியை அடக்கி வைக்கும்போதும் சரி, அங்கே இந்த அலை எழுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஆகவே "ஆல்ஃபா கூடியது" என்ற ஒற்றை வரிக்குப் பொருளில்லை. எந்த இடத்தில், எந்த வேலையின்போது, எதோடு ஒப்பிட்டு என்று மூன்றும் தெரிந்தால்தான் பொருள்.

சரி, இப்போது நாமே ஓர் ஆய்வு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்கள் சிலரை அழைக்கிறோம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வரும் எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன் வந்ததாக இருந்தால் பொத்தானை அழுத்தவேண்டும். கேட்க எளிது, செய்தால் வியர்க்கும். இதை மௌனத்தில் ஒருமுறை, வாத்திய இசையோடு ஒருமுறை, குரலுள்ள பாட்டோடு ஒருமுறை செய்யச் சொல்கிறோம். ராகமோ தாளமோ இல்லாத வெறும் இரைச்சலோடும் ஒருமுறை செய்யவேண்டும். இல்லையென்றால், வந்த மாற்றம் இசையால் வந்ததா, சத்தத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எல்லோரும் ஒரே வரிசையில் செய்யக்கூடாது. மௌனத்தை எல்லோருக்கும் முதலில் வைத்தால், கடைசியில் வந்த பாட்டுக்குப் பழக்கத்தின் லாபம் சேரும், களைப்பின் நஷ்டமும் சேரும். சத்தத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பிறகு குப்பை களையும் வேலை. கண் ஒருமுறை இமைத்தால் நெற்றியில் எழும் மின்மாற்றம் மூளை அலையைவிடப் பெரியது. பல்லைக் கடித்தால், புருவத்தைச் சுருக்கினால் தசையின் மின்சாரம் பீட்டா, காமா இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். சுவரில் ஓடும் மின்கம்பி 50 ஹெர்ட்ஸில் முணுமுணுக்கும். இசை ஆய்வுக்கென்றே ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு. பாட்டுப் போட்டால் மனிதன் சும்மா இருப்பதில்லை. தலை ஆடும், கால் தாளம் போடும். அந்த அசைவும் பாட்டின் தாளத்திலேயே வருவதால், மூளை தாளம் போட்டதா கழுத்து தாளம் போட்டதா என்று பிரிப்பது சிரமம். இதையெல்லாம் எப்படிக் களைந்தார்கள் என்று சொல்லாத ஆய்வு முடிவை நான் நம்புவதில்லை.

அலைகளைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக நேர்மையானதாகப் படுகிறது. ஒரே மாதிரி 'டிங், டிங்' என்று வரும் ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது 'டொங்' என்று வருகிறது; அதை எண்ணச் சொல்கிறோம். அந்த 'டொங்' வந்து ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஒரு மேடு எழும். 1965-ல் கண்டறியப்பட்ட இதற்கு பி-300 என்று பெயர். ஒரே ஒரு முறை பார்த்தால் கோட்டின் இரைச்சலில் அது தெரியவே தெரியாது. பல முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மேடு மட்டும் நிற்கும். 1980 வாக்கில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஓர் அளவுகோலாக்கினார்கள். கையில் ஒரு முதன்மை வேலையைக் கொடுத்துவிட்டு, ஓரமாக இந்த எண்ணும் வேலையையும் கொடுத்தார்கள். முதன்மை வேலை கேட்கும் கவனம் கூடக் கூட ஓரத்து மேடு தாழ்ந்தது. மூளையின் கைவசம் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அது ஒரு குறி. பின்னணியில் இசையை ஓடவிட்டு இதே மேட்டை அளந்தால், அந்த இசை எவ்வளவை எடுத்துக்கொண்டது என்று கேட்கலாம்.

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கவேண்டும், மதிப்பெண்ணைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு மாணவி மௌனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, பாட்டோடும் தொண்ணூறு எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் அளவில் இசையால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டோடு செய்தபோது முன்தலைத் தீட்டா உயர்ந்து, ஓரத்து மேடு தாழ்ந்திருந்தால், அதே தொண்ணூறை அவள் கூடுதல் உழைப்பில் எடுத்திருக்கிறாள் என்று எண்ண இடமுண்டு. பத்து நிமிடச் சோதனையில் அந்தச் செலவு வெளியே தெரியாது. மூன்று மணிநேரம் படிப்பவளுக்குத் தெரியலாம். விடைத்தாள் காட்டாத இந்த ஒன்றைக் காட்டுவதற்காகத்தான் இ.இ.ஜி. வேண்டும். விடைத்தாள் இல்லாமல் இ.இ.ஜி.யை மட்டும் வைத்துக்கொண்டு கவனத்தைப் பற்றிப் பேசினால், அது பாதிக் கதைதான்.

இனி, இசை ஓடும்போது மூளை அதை எவ்வளவு தூரம் கவனிக்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, 2011-ல் பெல்ஜியத்தில் சில்வி நோசரதான் குழுவினர் செய்தது. நொடிக்கு 2.4 முறை அடிக்கும் ஒலியைக் கேட்கவைத்துப் பதிந்தார்கள். மூளையின் கோட்டிலும் அதே 2.4 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம் எழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு, ஒலியை மாற்றாமலேயே, அதை இரண்டிரண்டாக மனதுக்குள் எண்ணச் சொன்னார்கள், 1.2 ஹெர்ட்ஸில் புதிய சிகரம் வந்தது. மும்மூன்றாக, நாம் திஸ்ரம் என்று சொல்வோமே அப்படி, எண்ணச் சொன்னபோது 0.8 ஹெர்ட்ஸில் வந்தது. காதில் விழுந்த ஒலியில் அந்தத் தாளக்கட்டே இல்லை. கேட்டவரின் மனம் போட்ட தாளம் தலைத்தோலில் அளவாக வந்து நின்றது.

இன்னொன்று, ஜெர்மனியில் ஸ்டெஃபான் கோல்ஷும் கூட்டாளிகளும் 2002-ல் வெளியிட்டது. இசைப் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள். கையில் அவர்களே தேர்ந்தெடுத்த புத்தகம். இசையைக் கவனிக்க வேண்டாம், படியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பின்னணியில் மேற்கத்திய இசையின் சுரக்கூட்டுகள் முறைப்படி ஓடிக்கொண்டிருக்க, இடையிடையே அந்த இடத்துக்குப் பொருந்தாத ஒரு கூட்டு வரும். அது வந்த சுமார் கால் நொடிக்குள் வலது முன்தலைப் பக்கம் மூளை ஒரு தனி அடையாளம் காட்டியது. படித்துக்கொண்டே இருந்தவர்களின் மூளை, இசையின் இலக்கணப் பிழையைப் பிடித்துவிட்டது!

ஆக, "பாட்டு சும்மா ஓடிக்கிட்டு இருக்கு, நான் அதைக் கேக்கவே இல்ல" என்று பிள்ளை சொல்வது அதன் உணர்வளவில் உண்மை. மூளையளவில் உண்மை இல்லை. மூளை கேட்கிறது, தாளம் வைக்கிறது, அடுத்து என்ன சுரம் வரும் என்று எதிர்பார்க்கிறது, தவறினால் குறித்துக்கொள்கிறது. காதுக்கு இமை கிடையாது.

கேட்டால்தான் என்ன, நஷ்டம் உண்டா? இங்கே மின்முனைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மதிப்பெண்ணை அளந்த பழைய ஆய்வுகளிடம் போகவேண்டும். 1976-ல் அமெரிக்காவில் கோல், வெல்ஷ் என்ற இருவர், எழுத்துகளை வரிசையாகக் காட்டி மனதில் வைக்கச் சொன்னார்கள். பின்னணியில் யாரோ ஜெர்மன் மொழியில் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, கவனிக்கவும் சொல்லவில்லை. ஆனாலும் நினைவு குலைந்தது. 1989-ல் சலாமேயும் பாடெலியும் இசையை வைத்துப் பார்த்தார்கள். எண்களை வரிசையாக நினைவில் வைக்கும்போது, குரலுள்ள இசை வாத்திய இசையைவிட அதிகமாகக் குலைத்தது. வேல்ஸின் கார்டிஃபில் டிலன் ஜோன்ஸ் குழுவினர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் பெரிய தொல்லையில்லை. ஒலி மாறிக்கொண்டே போனால் மூளை தானாகவே அந்த மாற்றங்களை வரிசைப்படுத்துகிறது. நாம் மனதில் பிடித்திருக்கும் வரிசையோடு அது மோதுகிறது.

பிடித்த பாட்டென்றால்? 2011-ல் பெர்ஹாமும் விசார்ட்டும் இதையே கேட்டார்கள். எழுத்துகளை வரிசை மாறாமல் சொல்லும் வேலை. ஒருமுறை மௌனம், ஒருமுறை அவரவருக்குப் பிடித்த இசை, ஒருமுறை பிடிக்காத இசை. மௌனத்தில்தான் நன்றாக வந்தது. பிடித்த இசைக்கும் பிடிக்காத இசைக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே அளவு கெடுத்தன. இளையராஜா ரசிகர்களுக்கும் ரஹ்மான் ரசிகர்களுக்கும் இது வருத்தமான செய்திதான், ஆனால் வரிசையாக மனப்பாடம் செய்யும் வேலைக்கு இதுவே நிலவரம். வேதியியல் வினையின் படிகள், வரலாற்றுத் தேதிகள், கணக்கில் நடுவழியில் மனதில் நிறுத்தும் எண்கள் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

வாசிப்பதும் அப்படித்தான். கண் வழியே மொழி உள்ளே போகும்போது காது வழியேயும் மொழி போகிறது. தெரிந்த மொழியின் பாடல் வரி என்றால் பொருளும் சேர்ந்து புகும். 2011-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கெம்ப்ஃபெயும் உடனிருந்தோரும் பின்னணி இசை பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் என்றதும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. உள்ளே பிரித்துப் பார்த்தபோது, வாசிப்பை இசை தொந்தரவு செய்தது, நினைவுக்குச் சிறிது கெடுதல் செய்தது. உணர்வுகளுக்கும் விளையாட்டுக்கும் நல்லது செய்தது. லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பூஜ்யம் அது.

அப்படியானால் "பாட்டு இருந்தாத்தான் மனசு நிக்குது" என்ற பிள்ளையின் வாக்குமூலம்? அதிலும் உண்மை இருக்கிறது, வேலை சலிப்பானதாக இருந்தால். 1940-ல், போர்க்காலத்தில், ஆலைத் தொழிலாளிகளுக்காகவே பிபிசி நாளுக்கு இரண்டு முறை அரைமணி நேர இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. ஒரே திருகாணியை நாள் முழுக்க முடுக்குகிறவருக்கு எதிரி இசையில்லை, அலுப்பு. 2021-ல் லண்டனில் கிஸ்ஸும் லின்னெலும் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். திரையில் குறி வந்ததும் பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவுதான் வேலை. நடுநடுவே நிறுத்தி, உங்கள் மனம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். பிடித்த இசையோடு செய்தபோது மனம் வேறெங்கோ அலைந்ததாகச் சொன்னது குறைந்தது. சலிப்பு வேலையில் மூளையிடம் மிச்சம் நிறைய இருக்கிறது; அந்த மிச்சம் பகற்கனவுக்குப் போகிறது. இசை அதைப் பிடித்து உட்காரவைக்கிறது. கடினமான வேலையில் மிச்சமே இல்லை. அங்கே இசை கேட்கும் பங்கு வேலையிலிருந்துதான் போகவேண்டும்.

ஆளுக்கு ஆளும் மாறும். 1997-ல் ஃபர்ன்ஹாமும் பிராட்லியும், பாப் இசை பின்னணியில் ஓடும்போது தனக்குள் இருக்கும் இயல்பினர் கலகலப்பானவர்களைவிட அதிகம் பாதிக்கப்படுவதைப் பார்த்தார்கள். அண்ணனுக்கு ஒத்துவந்தது தங்கைக்கு ஒத்துவரவேண்டும் என்பதில்லை.

மோட்சார்ட் கேட்டால் அறிவு வளரும் என்று ஒரு பேச்சு உண்டே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த சிறு கட்டுரை அது. 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிட இசை, அதன் பிறகு வடிவங்களைக் கற்பனை செய்யும் ஒரு சோதனையில் சிறு முன்னேற்றம், அதுவும் கால்மணி நேரத்துக்குள் மறைந்தது. வேலைக்கு முன்னால் கேட்ட இசை அது, வேலையோடு கேட்டது அல்ல. அதில் குழந்தைகளே இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியது இது: உற்சாகமான எதையாவது ரசித்துக் கேட்டால் மனம் சற்றுச் சுறுசுறுப்பாகிறது, கதை பிடித்தவர்களுக்குக் கதை கேட்டாலும் அதே பலன் கிடைத்தது.

இப்போது சந்தைக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு உண்மையான கவலை இங்கேதான். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள் விற்கின்றன. கைபேசியில் "உங்கள் கவனம் 78" என்பதுபோல் ஓர் எண் வரும். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஓர் அலை விகிதம். 1995-ல் நாசாவின் லாங்லி மையத்தில் போப்பும் சக ஆய்வாளர்களும், பீட்டாவை ஆல்ஃபா-தீட்டா கூட்டுத்தொகையால் வகுத்து ஈடுபாட்டின் அளவாகப் பயன்படுத்தினார்கள். தானியங்கிக் கருவிகளோடு வேலை செய்யும் விமானி எந்த அளவுக்கு விழிப்பாக இருக்கிறார் என்ற குறிப்பிட்ட கேள்விக்காக, கட்டுப்பாடான ஆய்வகத்தில் செய்தது அது. ஓடியாடும் குழந்தையின் நெற்றியில் ஒன்றிரண்டு மின்முனையை வைத்தால் அங்கே முதலில் கிடைப்பது இமைப்பும் புருவச் சுளிப்பும்தான். புருவத்தைச் சுருக்கினால் பீட்டா கூடியதாகக் கருவி காட்டக்கூடும். அப்போது கவனம் கூடியதாக எண் ஏறும்.

இது வெறும் ஊகம் அல்ல, பள்ளிவரை போய்விட்ட விஷயம். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஜின்ஹுவா பகுதியின் ஒரு தொடக்கப்பள்ளியில் மாணவர்களுக்கு இத்தகைய பட்டைகளை மாட்டினார்கள். ஆழ்ந்த கவனம் என்றால் நெற்றியில் சிவப்பு விளக்கு, சிதறினால் நீலம். தகவல் ஆசிரியரின் கணினிக்கும் பெற்றோருக்கும் போனது. 2019-ல் செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பியதும் கல்வித்துறை அதை நிறுத்திவைத்தது. நிறுத்தியது சரி. விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் மூளையில் எழும் எந்த அலையும் கல்வியின் அலை அல்ல.

கவனத்துக்கென்றே தயாரித்த இசை என்று விற்பவற்றிலும் நிதானம் வேண்டும். 2024-ல் வந்த ஓர் ஆய்வு, வேகமான அதிர்வு சேர்த்த இசை, கவனக் குறைபாட்டின் அறிகுறிகள் உள்ளவர்களுக்கு உதவியதாக மூளைப் பதிவுகளோடு சொல்கிறது. ஆர்வமூட்டும் முடிவுதான். அத்தகைய இசையை விற்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்களும் ஆய்வாளர்களில் இருந்ததை அந்தக் கட்டுரையே தெரிவிக்கிறது. தொடர்பில்லாத வேறு குழுக்கள் செய்து பார்க்கும்வரை நான் அதற்குப் பணம் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

வீட்டில் வழக்கு தீரவேண்டுமென்றால் மின்முனையே வேண்டாம். ஒரே கடினமுள்ள கணக்குகளை எடுத்து, ஒருநாள் பாட்டோடு, ஒருநாள் பாட்டில்லாமல் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நேரத்தையும் தவறுகளையும் அதுவே குறித்து வைக்கட்டும். ஒன்றிரண்டு நாள் பார்த்து முடிவுக்கு வராமல், சில வாரம் மாற்றி மாற்றிச் செய்யட்டும். எந்த நாள் எது என்பதைத் திருவுளச் சீட்டில் முடிவு செய்தால் இன்னும் நல்லது. வந்த முடிவை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள், அது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும். அதுவரைக்கும், பாடம் வாசிக்கும்போதும் மனப்பாடம் செய்யும்போதும் வரிகள் உள்ள பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் படம் வரையும்போது ஓடட்டும், விட்டுவிடுங்கள்.